நாலு மணிக்கு எழும் பெண்கள்

என் தம்பி மகள் மருத்துவம் படிக்கிறாள். கல்லூரி பினாங்கில்தான், ஆனால் படிப்பின் முதல் இரண்டரை ஆண்டு அயர்லாந்தில், டப்ளின் நகரில். அங்கே மனநல மருத்துவத்தின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, “அத்தை, நூத்தம்பது வருசத்துக்கு முன்னால இந்த ஊர்ப் பொண்ணுங்க அமெரிக்காவுக்குப் போயி நீங்க பார்த்த வேலையத்தான் பார்த்திருக்காங்க. நைட் டியூட்டிகூட இருந்திருக்கு” என்றாள்.

நான் பார்த்தது தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் அட்டெண்டன் வேலை. 1974-ல் சேர்ந்து, 2009-ல் ஓய்வு பெற்றேன். அந்தக் காலத்தில் பெரும்பகுதி இரவு வேலை. மலேசியாவின் பேரா மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், விளக்கம் வேண்டியதில்லை. 1911-ல் வெள்ளைக்காரன் கட்டிய ஆஸ்பத்திரி அது. பிள்ளைகள் அடம் பிடித்தால் “ஒன்னைய தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று சொல்லாத வீடு எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கிடையாது.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா மரம் சீவினார். எனக்கு அந்த வேலை கிடைத்தபோது அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள். கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா அனுப்புவது என்று பெரிய மண்டோர் (கங்காணி) வீட்டம்மா வாசலில் வந்தே கேட்டார். அம்மா சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: “மழை பேஞ்சாலும் சம்பளம் உண்டு.” தோட்டத்தில் மழை நாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் சம்பளமும் இல்லை. இதற்கு மேல் அவர் எந்தக் காரணமும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். அவன் மகள்தான் இப்போது டப்ளினில் இருக்கிறாள்.

அவள் அனுப்புவதையெல்லாம் அன்றிலிருந்து படித்துவருகிறேன். என் ஆங்கிலம் மூன்றாம் படிவத்தில் எழுதும் எல்.சி.இ. தேர்வு அளவோடு நின்றது. புரியாத இடங்களை அவளே தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறாள். எங்கள் பக்கத்தில் அயர்லாந்துக்காரர்களைப் பலருக்கும் தெரியும். ஈப்போ கான்வெண்ட் கன்னியாஸ்திரிகளிலும் செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளிப் பிரதர்களிலும் பல பேர் அந்த ஊர்க்காரர்கள். வெள்ளை அங்கி, கையில் புத்தகம், வகுப்புக்கு முன்னால் நிற்கும் ஆட்கள், இவ்வளவுதான் நான் அறிந்த அயர்லாந்து. இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் துடைப்பமுமாக நின்ற அயர்லாந்துப் பெண்களைத் தம்பி மகள்தான் எனக்குக் காட்டினாள்.

அங்கே 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். நம் ஆட்களுக்குத் தாது வருசப் பஞ்சம் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. பஞ்சம் தீர்ந்த பிறகும் கப்பல் நிற்கவில்லை. நிலம் ஒரு மகனுக்கு, சீதனம் ஒரு மகளுக்கு, மீதிப் பிள்ளைகளுக்குக் கப்பல் என்று ஆகிப்போனது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து ஆண்களும் குடும்பங்களுமாகப் போனார்கள். அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள், அதிலும் கல்யாணமாகாத இளம்பெண்கள் ஏராளம். பெரும்பாலானவர்கள் பணக்கார வீடுகளில் வேலைக்காரிகளானார்கள். சிலர் நூல் ஆலைக்குப் போனார்கள். இன்னும் சிலர் நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மனநோய் விடுதிகளில் அட்டெண்டன்களானார்கள். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. மாதச் சம்பளம் ஆண்களைவிடக் குறைவு. அதிலும் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், அடுத்த தங்கைக்குக் கப்பல் டிக்கெட்டும் எடுத்து அனுப்பினார்கள்.

பகல் வேலை பார்த்தவர்கள் விடியுமுன் எழுந்து நோயாளிகளை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, இரவு அவர்கள் படுக்கும்வரை கூடவே இருந்தார்கள். அட்டெண்டன் தூங்கும் அறையும் அநேகமாக வார்டை ஒட்டியே இருந்தது. ஆரம்ப காலத்தில் இரவுக்கென்று தனியாள் குறைவு, பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒரு காவலாள் சுற்றி வருவார். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களையும் வலிப்பு நோய்க்காரர்களையும் இரவில் தனியே விடக் கூடாது என்பது பட்டுத் தெரிந்த பிறகுதான், விடிய விடியக் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் போட்டார்கள்.

அந்த இரவுக்காரர்களைக் கண்காணிக்க ஒரு கடிகாரம் இருந்ததாம். தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கட்டடத்தின் மூலைக்கு மூலை சங்கிலியில் ஒரு சாவி தொங்கும். ஒவ்வொரு சாவியையும் கடிகாரத்தில் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் தாளில் நேரம் பதியும். எந்த மூலைக்கு எத்தனை மணிக்குப் போனாள், எங்கே போகாமல் விட்டாள் என்பதெல்லாம் காலையில் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். எங்களுக்குப் புத்தகம். மணிக்கொரு தரம் சுற்றி வந்து கையெழுத்துப் போட வேண்டும். நள்ளிரவு தாண்டி நைட் சிஸ்டர் சொல்லாமல் வந்து நிற்பார்.

எங்கள் வேலை இரவு 9 மணிக்குத் தொடங்கும், காலை 7-க்கு முடியும். முதல் வேலை தலை எண்ணுவது. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ண வேண்டும், இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகும்வரை யாரும் நகரக் கூடாது. பிறகு கரண்டிகளை எண்ணுவது. அதன் பிறகு மிஸ்ஸி (நர்ஸ்) மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் ஒளித்திருக்கிறார்களா என்று பார்ப்பது. என் காலத்தில் மனநோய்க்கு லார்காக்டில் மாத்திரை இருந்தது, மாதம் ஒரு தரம் போடும் மொடிகேட் ஊசி வந்துவிட்டது. ஆளைக் கட்டுப்படுத்தவே முடியாத இரவுகளில் பாரால்டிஹைடு என்ற தூக்க மருந்து. அந்த வாடையை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால் கண்ணாடி ஊசியில்தான் ஏற்றுவார்கள். போட்ட பிறகு நோயாளியின் மூச்சில், போர்வையில், காலையில் வீட்டுக்குப் போகும் என் சட்டையில்கூட அதே வாடைதான். அது 1882-லிருந்தே மருத்துவத்தில் இருந்துவருகிறது என்று தம்பி மகள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அயர்லாந்துப் பெண்களில் பிந்தி வந்தவர்கள் இதே வாடையோடுதான் அறைக்குத் திரும்பியிருப்பார்கள்.

இரவு வேலையில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எனக்கு முன்னால் சேர்ந்த ஒரு மலையாளத்து அக்கா. சாவிக்கொத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு நட, சத்தம் கேட்டால் பத்துப் பேர் விழிப்பார்கள் என்றார். டார்ச் லைட்டை முகத்தில் அடிக்காதே, கண்ணாடியைக் கையால் மூடி விரலிடுக்கில் வரும் வெளிச்சத்தில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார். குறட்டை விடுகிறவரை விட்டுவிடு, சத்தமே இல்லாத கட்டிலுக்குப் போ. யாரையாவது பிடிக்க வேண்டி வந்தால் தோளைப் பிடி, தொடையைப் பிடி, மார்பின்மேல் மட்டும் முழங்காலை வைக்காதே. விலா எலும்பு உடைந்த கதைகள் உலகத்திலுள்ள பழைய மனநோய் விடுதிகள் எல்லாவற்றிலும் உண்டு. அதனால்தான் அதை முதல் நாளே சொல்லித்தருவார்கள். படுக்கையை நனைப்பவர்களை இரவில் இரண்டு தரம் எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போனால் விடியும்போது ஈரப் போர்வைகள் பாதியாகும். இதே பழக்கம் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலும் இருந்தது என்பதைப் படித்தபோது, முகம் தெரியாத அந்தப் பெண்களின் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும்போல் இருந்தது.

நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வார்டில் சீனப் பாட்டிகள் இருந்தார்கள், மலாய்க்கார அக்காமார்கள் இருந்தார்கள், நம் தோட்டத்துப் பெண்களும் நிறைய இருந்தார்கள். இருபது வருடம், முப்பது வருடம் பால்வெட்டிய பெண்களின் உடம்பு விடிகாலை நாலு மணியை மறப்பதில்லை. மருந்து எவ்வளவு கொடுத்தாலும் சரி. நாலடித்தால் வார்டின் ஒரு ஓரத்திலிருந்து ஒருவர் எழுவார், பிறகு இன்னொருவர். போர்வையை மடிப்பார்கள். தலையில் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். கட்டிலுக்கு அடியில் உளியைத் தேடுவார்கள், வாளியைத் தேடுவார்கள். “பெரட்டுக்கு நேரமாச்சு தாயி, கதவத் தொற. மண்டோர் பேர வெட்டிப்புடுவான்” என்று என்னிடம் கெஞ்சுவார்கள். பெரட்டு என்பது வேலைக்கு முன் தோட்டத்தில் பேர் கூப்பிடுவது.

தமிழ் தெரியாத ஒருவர் அன்று பணியில் இருந்தால் புத்தகத்தில் என்ன எழுதுவார்? ‘நோயாளி அமைதியின்றி இருந்தார், கதவைத் திறக்க முயன்றார்.’ அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அம்மா தப்பித்து ஓடப் பார்க்கவில்லை, வேலைக்குக் கிளம்புகிறார். என் அம்மா அதே நேரத்தில் அதேபோல் தலைத்துணி கட்டிக்கொண்டு பிரட்டுக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் எனக்குப் புரிந்தது. “இன்னைக்கு மழை ஆயா. மரம் ஈரம். வெட்டு இல்ல” என்பேன். உடனே தோள் தளரும். “அப்ப கூலி போச்சா” என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி படுப்பார்கள். எத்தனையோ இரவுகளில் ஊசி போட வேண்டிய தேவையை அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் ஆக்கியிருக்கிறது. என் வேலையில் நான் பெருமையோடு சொல்லக்கூடியது இதுதான்.

சயாமுக்குப் போன புருசனுக்காகக் காத்திருந்த ஒரு பாட்டி இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாக லாரி வைத்து ஆள் பிடித்துப் போனார்கள், சயாம்-பர்மா ரயில் பாதை போட. 415 கிலோமீட்டர் பாதை அது. போன தமிழர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. யார் செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று பெண்டாட்டிகளுக்கு ஒரு தாள்கூட வந்ததில்லை. அந்தப் பாட்டி இரவில் வார்டுக் கதவோரம் வந்து குந்துவார். லாரி சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். அவருக்கு நோய் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொன்னது அத்தனையும் நடந்தது. எங்கள் லயத்திலேயே அப்படிக் காத்திருந்த இரண்டு பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெளியே இருந்தார்கள், இவர் உள்ளே இருந்தார்.

தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அமெரிக்க விடுதிகளில் அயர்லாந்துப் பெண்கள் சாவி வைத்திருந்தவர்களாக மட்டும் இல்லை, கட்டிலில் கிடந்தவர்களிலும் அவர்கள் நிறைய என்றாள். மாசசூசெட்ஸில் எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் மாநிலம் முழுக்க விசாரித்து 1855-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் வெளிநாட்டில் பிறந்த நோயாளிகளைத் தனியாகவே எண்ணியிருக்கிறார். அவர்களில் பெரும்பகுதி அயர்லாந்துக்காரர்கள். வறுமையும் இடம்பெயர்வும் சேர்ந்து மனிதரை என்ன செய்யும் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. ஆனால் அன்று பலர் அதை அயர்லாந்துக்காரரின் ரத்தத்திலேயே உள்ள கோளாறு என்றார்கள். நம்மைப் பற்றியும் அப்படிப் பேசிய துரைமார்கள் இருந்தார்கள். தோட்டத்துக் கூலி என்றால் கள், கள் என்றால் கிறுக்கு என்று அவர்களுக்கு ஒரே வாய்ப்பாடு.

ஒரே கப்பலில் வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி பூட்டுக்கு வெளியே, ஒருத்தி உள்ளே. மாயோ, கால்வே, கெர்ரி போன்ற மேற்கு மாவட்டங்களிலிருந்து போனவர்களில் பலருக்கு வீட்டில் பேசிய மொழி ஆங்கிலம் இல்லை, ஐரிஷ். உடல்நிலை கெட்ட மனிதர் இரவில் தன் வீட்டு மொழிக்குத்தான் திரும்புவார், இதை நான் கண்ணால் பார்த்தவள். நன்றாக மலாய் பேசிய நம் பெண்கள்கூட நள்ளிரவில் தமிழில்தான் அழுவார்கள். அங்கேயும் டாக்டருக்குப் புரியாத ஒன்றைத் துடைப்பத்தோடு நின்ற பெண் புரிந்துகொண்ட இரவுகள் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். விடிகாலையில் பசு கறக்க எழுந்த ஒருத்தியிடம் “கன்னு குடிச்சிருச்சு, படு” என்று சொன்ன ஒருத்தி இருந்திருப்பாள். இதெல்லாம் எந்த அறிக்கையிலும் வராது. அறிக்கைகளில் அட்டெண்டன் வருவது சம்பளப் பட்டியலில், இல்லாவிட்டால் வேலைநீக்கப் பட்டியலில்.

கொடுமை செய்தவர்கள் இருந்தார்கள், இதை மறைக்க மாட்டேன். 1887-ல் நெல்லி பிளை என்ற பத்திரிகைக்காரப் பெண் பைத்தியம்போல் நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவு விடுதிக்குள் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்து எழுதினார். பச்சைத் தண்ணீர்க் குளியல், கெட்டுப்போன சாப்பாடு, அடி, ஏச்சு. அவர் எழுதியதை வரிக்கு வரி நம்புகிறேன். யூட்டிகா நகரத்து விடுதியில் மரச்சட்டம் போட்ட கட்டிலுக்கு மேல் மூடியும் வைத்து, நோயாளியை உள்ளே கிடத்திப் பூட்டினார்கள். அதே 1887-ல்தான் அங்கே அதை நிறுத்தினார்கள். அதைப் பூட்டிய கைகள் அட்டெண்டன்களின் கைகள். இரவில் யாரும் பார்ப்பதில்லை. பகலில் டாக்டர் வருவார், பார்வையாளர் வருவார். இரவில் நோயாளிக்குக் கிடைப்பது அங்கே நிற்கும் ஒரு பெண்ணின் குணம் மட்டும்தான். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் படிப்புச் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பயிற்சியும் வேண்டும். மாசசூசெட்ஸில் மக்லீன் விடுதியில் 1882-ல் தாதியர் பள்ளி தொடங்கினார்கள். அதற்கு முன் அமெரிக்க மனநோய் விடுதி எதிலும் அப்படி ஒன்று கிடையாது. அதுவரை அங்கே வேலைக்கு வந்த பெண்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்ற அக்காவிடம்தான் கற்றார்கள். நானும் அப்படித்தான்.

நியூயார்க் மாநிலத்தில் வில்லார்ட் என்ற விடுதியை 1995-ல் மூடியபோது மேல்மாடிப் பரணில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடந்தனவாம். நோயாளிகள் வரும்போது கொண்டுவந்தவை. படங்களைத் தம்பி மகள் அனுப்பியிருந்தாள். தோல் பெட்டி, சீட்டு கட்டிய கைப்பிடி, உள்ளே உடுப்பு, கடிதம், தையல் ஊசி. நம் பெண்கள் பெட்டியோடு வந்ததில்லை. சேலையில் கட்டிய மூட்டை, சுருக்குப்பை, சிலரிடம் குலசாமித் திருநீறு. அதைவிட முக்கியமாக ஒரு முகவரி. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய எண். அந்த முகவரிக்கு நாங்கள் அனுப்பிய கடிதங்கள் பல திரும்பி வந்தன. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் குடும்பங்கள் சிதறின. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லாமல் போய், ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். வார்டில் இருந்த அக்காவையோ அம்மாவையோ கூட்டிப்போக வழியில்லாமல் போனவர்கள் அதில் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. உள்ளே இருந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. மாதம் ஒரு ஊசியில் ஆள் நிலையாக இருக்க முடியும் என்றானபின் பலர் வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் இப்போது சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் தன் அண்ணன் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். வார்டில் என்னை ‘மிஸ்ஸி’ என்றார், இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நான் ‘அக்கா’ என்கிறேன். எங்கள் தெருவில் சிலருக்கு அவரைப் பற்றித் தெரியும், சிலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இப்போது கோயில் திருவிழாவில் அவர் கையால் பந்தி பரிமாறினால் சாப்பிடுகிறார்கள்.

ஊசி நாளில் இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போகிறோம். முடிந்ததும் பசாரில் மீன் வாங்க வேண்டும். விலை பேச என்னை விடமாட்டார். சொன்ன விலையில் ஐந்து வெள்ளியாவது குறைத்து, அதற்கு மேல் ஒரு கை கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு நகர்வார்.